மூன்று தடவை திறந்தால்

கலையரசி விழுப்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பதினோரு மணி. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஜன்னலோர சீட்டும் கிடைத்தது. ஆனாலும் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். மனிதர்கள் நகைக்கும் நிலத்துக்கும் பொறாமைப்படுவார்கள். கலையரசிக்கு நாலு வருஷமாகத் தூங்குகிறவர்களைக் கண்டால்தான் வயிறு எரிந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்து மகள் புனிதாவின் வீட்டுக்குப் போனாள். ஜங்ஷனுக்குப் பின்னால், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும் பழைய ஓட்டு வீடு. புனிதாவுக்கு எட்டாம் மாசம். "அப்பா படையல் முடிஞ்சதும் கெளம்பி வந்துடும்மா, ஒரு மாசம் என்கூட இருந்து நல்லா தூங்கு" என்று போனில் சொல்லிச் சொல்லி வரவழைத்திருந்தாள். புருஷன் சித்தார்த்தன் செத்து அன்றைக்கு நாற்பதாவது நாள். இனிமேல் தூங்கலாம் என்று ஊரே சொன்னது. தூக்கத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பெட்டி கண்ணில் பட்டது.

ஹாலில், டிவிக்குக் கீழே பலகையில் இருந்தது. ஓரமெல்லாம் கறுத்துப்போன பழைய டிவிடி பிளேயர். மேலே பூப்போட்ட துணி ஒன்றை மடித்துப் போட்டிருந்தாள் புனிதா. இவ்வளவு நாளில் பரணில் தூக்கிப் போட்டிருப்பாள் என்று கலையரசி நினைத்திருந்தாள்.

"இன்னாம்மா, அங்கியே நின்னுக்கினு? உள்ள வா" என்றாள் புனிதா.

கலையரசி மகள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் தினமும் தான் பார்க்கும் முகம் அது.

"நீ தூங்குறியா இல்லியா?"

"எங்கம்மா. அப்பா பொட்டி விட்டாதான. தானா தொறக்குது, தானா மூடுது. ஒரே பேஜாரு."

புனிதா அந்தப் பெட்டியை வைத்திருந்ததற்குக் காரணம் அவளுடைய கல்யாண டிவிடி. ஸ்டூடியோக்காரர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பனிமலை முன்னால் நிற்கவைத்து அட்டை போட்டுக் கொடுத்த இரண்டு டிஸ்க். அதில்தான் அப்பா நடக்கிறார், பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுகிறார், கேமராவைப் பார்த்து "போதும்பா" என்கிறார். பென் டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்று புருஷன் தென்னரசு இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த தென்னரசு, மாமியாருக்கு விளக்கமே கொடுத்துவிட்டான்.

"உள்ள இருக்கிற பெல்ட்டு லூசாயிடுச்சிங்க அத்தை. மெக்கானிக்கிட்ட காட்டினேன். பழைய பிளேயர் எல்லாத்துக்கும் இதே கம்ப்ளெயின்ட்டுதானாம். ஒண்ணு தட்டு தொறக்காது, இல்ல மூடாது. ரிமோட்டு இருந்தாலாவது சரி பண்ணிப் பாக்கலாம்."

"ரிமோட்டுதான் அப்பாகூடவே போயிடுச்சே" என்றாள் புனிதா.

கலையரசி ரசத்தை ஊற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

சித்தார்த்தன் பெயின்ட் வேலைக்காரன். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து உயிர் பிழைத்தவன். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. மீதி இருந்தது இடது கையும், எல்லாம் புரிந்துகொள்ளும் இரண்டு கண்ணும்தான். வீட்டிலிருந்த இலவச டிவி அதற்கு முன்பே படம் வராமல் போயிருந்தது. பிளேயர் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஒருநாள் அவன் விரல் ரிமோட்டைத் தடவும்போது தட்டு 'கர்ர்ர்' என்று வெளியே வந்தது. அடுப்படியிலிருந்து கலையரசி ஓடிவந்து பார்த்தாள். அவன் பாதி வாயால் சிரித்தான். அன்றிலிருந்து அதுதான் அவனுக்கு வாய்.

தட்டு ஒரு தடவை திறந்து மூடினால் தண்ணீர். இரண்டு தடவை என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று தடவை என்றால் ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் வந்து உட்கார்.

முதல் இரண்டும் வேலை. வேலைக்குக் கலையரசி என்றைக்கும் சளைத்தவளில்லை. மூன்றாவதுதான் அவள் உயிரை வாங்கியது. ராத்திரியெல்லாம் பைபாஸ் பக்கத்து நர்சிங் ஹோமில் ஆயா வேலை. காலையில் வந்து சமையல், அவனுக்குக் குளியல், சோறு, மருந்து. கண் சொருகும் நேரம் பார்த்துக் கர்ர்ர், கர்ர்ர், கர்ர்ர். போய் உட்கார்ந்தால் அவன் ஒன்றும் கேட்க மாட்டான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். "ஒரே ஒரு நாளு நாம எடம் மாறிக்கலாம் மாமா. நான் படுத்துக்கறேன், நீ எழுந்து ஓடு" என்று ஒரு தடவை அலுத்துக்கொண்டாள். அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்பதுபோல் தலையை ஆட்டினான்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள். கூட வேலை செய்யும் அஞ்சம்மாள் லீவு போட்டதால் கலையரசி இரண்டு ராத்திரி அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். காலையிலிருந்து பெட்டி பதினோரு தடவை கூப்பிட்டது. அதில் ஒன்பது, வந்து உட்கார். மத்தியானம் சோறு ஊட்டி முடித்ததும் ரிமோட்டை எடுத்தாள். பின்மூடியைக் கழற்றி இரண்டு பென்சில் பேட்டரியையும் உருவினாள். மூடியை மாட்டி ரிமோட்டைத் திரும்ப அவன் கையிலேயே வைத்தாள்.

அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

பேட்டரியை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னறையில் பாயை விரித்துப் படுத்தாள். புரளும்போதெல்லாம் முடிச்சுக்குள் அவை இரண்டும் 'டிக்' என்று இடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். கண் விழித்தபோது மணி இரண்டு நாற்பது. முன்னறையில் அவன் ஆறிப்போயிருந்தான். கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்தது. அதைப் பிரித்தெடுத்தபோது பொத்தானின் வட்டம் விரலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. குளிப்பாட்டியபோதும் அது மறையவில்லை.

சளி அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். யாரும் எதுவும் கேட்கவில்லை. "உன்ன மாதிரி எவ பாப்பா" என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

செத்தவர் ஆசையாக வைத்திருந்ததைக் கூடவே புதைப்பது அவர்கள் வழக்கம். பீடிக்கட்டு, வெற்றிலை, ஒருவருக்குச் சீட்டுக்கட்டுகூட வைத்திருக்கிறார்கள். சித்தார்த்தனின் அண்ணன் பெரியதம்பி ரிமோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "நாலு வருஷமா இது அவன் கைய விட்டுப் போனதில்ல. இதையும் வெச்சி அனுப்பும்மா" என்றார். கலையரசி வாங்கினாள். அழுகைச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பேட்டரி இரண்டையும் திரும்பப் போட்டாள். இனிமேலாவது அது வேலை செய்யட்டும் என்றுதான் போட்டாள். அவள் மனசு அப்போதைக்குக் கொஞ்சம் ஆறியது.

ஐந்தாம் நாள் மத்தியானம், வீடு முழுக்க உறவுக்காரர்கள் இருக்கும்போது, தட்டு மூன்று தடவை திறந்து மூடியது. பிள்ளைகள்தான் பொத்தானை அமுக்கினார்கள் என்று யாரோ ஒரு குழந்தைக்கு அடி விழுந்தது. கலையரசி மட்டும் எத்தனை தடவை என்று எண்ணினாள். கருமாதி முடிந்த அன்றே, "உங்கப்பா நெனப்புக்கு வெச்சிக்கடி" என்று பெட்டியைப் புனிதாவிடம் தள்ளிவிட்டாள். என்னைத்தானே கூப்பிடுகிறான், நான் இல்லாத வீட்டில் யாரைக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்தாள்.

தென்னரசு கடைக்குத் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. மின்விசிறி இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றி நின்றது. புனிதா நடு அறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கலையரசி ஹாலில் வெறுந்தரையில் படுத்தாள். வைகாசி வெயில் ஓட்டில் இறங்கி வீடு வெந்தது. தெருவில் ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வாடைதான் வந்தது. தேங்காயெண்ணெயும் புண்ணுக்குப் போடும் பவுடரும் கலந்த வாடை. நாலு வருஷம் அவள் கையிலேயே இருந்த வாடை. அதற்கு அடியில் ஈர மண்.

மணி இரண்டு நாற்பது.

கர்ர்ர்.

பூப்போட்ட துணிக்குக் கீழே தட்டு மெதுவாக வெளியே வந்தது. நின்றது. உள்ளே போயிற்று.

கர்ர்ர்.

கலையரசி மேலே பார்த்தாள். விசிறி அசையவில்லை. சுவிட்சுப் பலகையில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

கர்ர்ர்.

"இங்க வேணாம் மாமா" என்று கிசுகிசுத்தாள். "புள்ளத்தாச்சி பொண்ணு இருக்கிற வூடு."

நடு அறையில் கொலுசுச் சத்தம் கேட்டது. புனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதி மூடிய கண்ணோடு சுவரைத் தடவியபடி வந்தாள். பலகைக்கு முன்னால் கஷ்டப்பட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தாள்.

"இன்னாடி பண்ற?"

"மூணு வாட்டி தொறந்தா கிட்டக்க வந்து உக்காந்துடணும்மா. அப்பதான் நிக்கும். நானே கண்டுபுடிச்சேன்."

"கரண்ட் இல்லடி, புனிதா."

"அதான் எனக்கும் புரியல." அவள் குரலில் பயம்கூட இல்லை, அசதிதான் இருந்தது. "மொதல்ல மத்தியானம் மட்டும்தான் இருந்துச்சி. இப்ப காலையில ரெண்டு வாட்டி, சாயந்திரம் ரெண்டு வாட்டி கூப்புடுது. நீ போயி படும்மா. நான் பாத்துக்கறேன்."

திறக்குது என்று சொல்லவில்லை. கூப்புடுது என்றாள்.

கலையரசி எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலும் இல்லை, நோயாளியும் இல்லை. ஆனால் வேலை மகள் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்னும் ஒரு மாசத்தில் இவள் பிள்ளை பெற வேண்டும். பெற்றபின் பால் கொடுக்க வேண்டும், தூங்க வேண்டும். தான் தூங்காமல் கிடந்தால் போகட்டும், இவள் கிடக்கக் கூடாது. அந்தப் பெட்டியை இங்கே அனுப்பியதும் தான்தான்.

மறுநாள் காலையில் பழைய பெட்ஷீட்டில் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள்.

"பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாங்க அத்தை" என்றான் தென்னரசு.

"வேணாம் மாப்ள. அவன் வேற எந்த வூட்டுல குடுப்பானோ. எங்கூட்லயே கெடக்கட்டும். நீங்க மொதல்ல அந்த டிஸ்க்க பென் டிரைவ்ல ஏத்திக் குடுங்க, அவ ஏங்கிப் பூடுவா."

"வந்து ஒரு நாளு ஆவல. அதுக்குள்ள போறேன்ற" என்று புனிதா அழுதாள். பிரசவத்துக்கு வந்துவிடுகிறேன் என்று கலையரசி சத்தியம் செய்துகொடுத்தாள். மனசுக்குள் அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். அந்த ரிமோட்டில் பேட்டரி இரண்டு மாசத்துக்குமேல் வந்ததில்லை. நாலு வருஷமாக மாற்றியவளுக்குத் தெரியாதா. நாற்பத்தொரு நாள் போயாயிற்று. மிச்ச நாளைத் தள்ளிவிட்டால் அதுவும் ஓயும், தானும் ஓயலாம்.

திண்டிவனத்தில் வீட்டைத் திறந்து, பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதன் பழைய இடத்திலேயே வைத்தாள். ஒயரைச் செருகவில்லை. நர்சிங் ஹோமில் லீவு சொல்லிவிட்டாள்.

மத்தியானம் இரண்டு நாற்பதுக்குத் தட்டு மூன்று தடவை திறந்தது. கலையரசி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு காலிக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான்தான் எடுத்தேன் மாமா" என்றாள். "நீ பாத்துக்கினுதான் இருந்த. சாவட்டும்னு எடுக்கல. ஒரு மணி நேரம் தூங்கலாம்னுதான் எடுத்தேன். இத நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

தட்டு பாதி வெளியே வந்து அப்படியே நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

மன்னித்தானா இல்லையா என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவன் முகத்தில் எல்லாவற்றையும் படிக்க முடிந்ததில்லை. மறுநாளும் கூப்பிட்டான். காலையில், மத்தியானம், விளக்கு வைக்கும் நேரத்தில். ஒரு தடவை கேட்டால் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள். இரண்டு தடவை கேட்டால் தலையணையைத் திருப்பிப் போட்டாள். மூன்று தடவை கேட்டால் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒரு அழைப்பைக்கூட விடவில்லை. புனிதா போன் செய்து, "நல்லா தூக்கம் வருதும்மா, மத்தியானம் படுத்தா அஞ்சு மணிக்குத்தான் எழுந்திரிக்கிறேன்" என்றாள். அதைக் கேட்டபோது கலையரசிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

ஐம்பத்தெட்டாம் நாள் தட்டு தடுமாறியது. முக்கி முனகி வெளியே வந்து, மூடுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றது. பேட்டரி இறங்குகிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஐம்பத்தொன்பதாம் நாள் ஒரே ஒரு தடவை, விரல்கடை அளவு. அறுபதாம் நாள் உள்ளே மோட்டார் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அறுபத்தொன்றாம் நாள் ஒன்றுமில்லை.

இரண்டு நாற்பது ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. கலையரசி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காத்திருந்தாள். பெட்டிமேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று. வாடைகூட இல்லை. நாலு வருஷமும் இரண்டு மாசமும் சுமந்த உடம்பு அப்போதுதான் தன் கனத்தைக் காட்டியது. பின்னறைப் பாய்வரைக்கும் நடக்கக்கூட முடியவில்லை. எதிரே கட்டில் இருந்தது. அதில் சாய்ந்தாள்.

தூக்கம் வந்தது. அந்த மத்தியானத்தில் வந்த அதே தூக்கம்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கலாம் என்று வலது கையை ஊன்றப் பார்த்தாள்.

கை வரவில்லை.

மரத்துப்போயிருக்கும் என்று காலை அசைத்தாள். வலது காலும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு ஓர் ஓரமாகக் கிடந்தது. குரல் எழும்பவில்லை.

இடது கையில் என்னவோ இருந்தது.

முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ரிமோட். பொத்தான்களின் இடுக்கிலெல்லாம் ஈர மண். கட்டைவிரல் சரியாக அந்தப் பொத்தான்மேல் இருந்தது.

ஒரு தடவை அழுத்தினாள். தண்ணீர்.

பெட்டி அசையவில்லை. மறுபடியும் அழுத்தினாள். அப்போதுதான் கையில் கனமே இல்லை என்பது உறைத்தது. உள்ளே பேட்டரி இல்லை.

பின்னறையில் பாய் சரசரத்தது. யாரோ புரண்டு படுத்தார்கள். புரளும்போது துணி முடிச்சுக்குள் இரண்டு பேட்டரி 'டிக்' என்று இடித்துக்கொண்டன.

அப்புறம் குறட்டை. நீளமாக இழுத்து, முடியும் இடத்தில் சின்னதாக ஒரு விசில். சாரத்திலிருந்து விழுவதற்கு முன்னால், வேலை முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்தால் சித்தார்த்தன் விடும் குறட்டை. அதற்குப் பிறகு அதை அவள் கேட்டதேயில்லை.

கலையரசி இருட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கோபம் வரவில்லை. எவ்வளவு அசந்துபோயிருந்தால் அப்படித் தூங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்கூட வேண்டாம் என்று ஆகிவிட்டது. யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

கட்டைவிரலால் அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பின்னறையில் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.